குறும்படத்துக்கு எந்த ரெசல்யூஷன், எந்த ஃபார்மட்? ஷூட்டிங்குக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

15 நிமிடக் குறும்படம், திரைப்பட விழாவுக்கும் போக வேண்டும், யூடியூபிலும் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "4கே-யில் எடுக்கலாமா?" என்று யோசிப்பதற்கு முன் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, முடிவு செய்யுங்கள். ரெசல்யூஷனைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். 30-இல் எடுத்ததை 24 ஆக்கினால் ஒவ்வொரு அசைவும் வெட்டி வெட்டி நகர்வதுபோல் தெரியும்.

1. ஃபிரேம் ரேட்

தியேட்டருக்குப் பாதுகாப்பானது 24. கேமராவில் 23.98 மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை. ஆனால் டிசிபி (தியேட்டரில் திரையிடும் டிஜிட்டல் பிரதி) செய்யும்போது படத்தையும் ஒலியையும் சேர்த்தே 24-க்கு மாற்ற வேண்டும். படத்தை மட்டும் மாற்றினால் 15-ஆவது நிமிடத்தில் உதட்டசைவும் குரலும் ஏறக்குறைய 0.9 நொடி விலகி நிற்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் ஷட்டர் வேகம் 1/50 நொடி. ஷட்டரைக் கோணமாகக் காட்டும் கேமரா என்றால் 172.8 டிகிரி. 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

மொபைலில் எடுப்பவர்கள் கவனிக்க: போனிலேயே வரும் கேமரா ஆப் பெரும்பாலும் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே பதிவு செய்யும். எடிட்டில் ஒலி நழுவுவதற்கு இதுவே காரணம். ஃபிரேம் ரேட்டைப் பூட்டி வைக்கும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற ஆப்பில் எடுங்கள்.

2. ரெசல்யூஷன், திரை விகிதம்

3840×2160-இல் எடுத்து, 1920×1080 டைம்லைனில் எடிட் செய்வதுதான் எங்கள் பரிந்துரை. ஷாட்டை இரண்டு மடங்கு வரை நெருக்கினாலும் தெளிவு போகாது. பல தியேட்டர்களில் இருப்பது 2கே புரொஜெக்டர்தான். ஃபோகஸ் தப்பிய ஷாட்டை 4கே காப்பாற்றாது.

தியேட்டரில் இரண்டு அளவுகள் உண்டு: ஃபிளாட் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப் 2048×858. சாதாரண 16:9 படம் ஃபிளாட்டில் உட்காரும். இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு வரும், யாருக்கும் உறுத்தாது. சிக்கல் ஸ்கோப்பில்தான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்ட 1920×1080 ஃபைலை அப்படியே ஃபிளாட் டிசிபி ஆக்கினால், ஸ்கோப் திரையில் நாலு பக்கமும் கறுப்பு சூழப் படம் சின்னதாகத் தெரியும். பட்டையை வெட்டி 1920×804 ஆக்கி, ஸ்கோப் அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

3. மாஸ்டர்

எடிட் முடிந்ததும் எடுத்துவைக்கும் மூலப் பிரதிதான் மாஸ்டர். ஃபார்மட்: ப்ரோரெஸ் 422 எச்க்யூ, அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சப்டைட்டில் பதியாத சுத்தப் பிரதியாக இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு எச்டி ப்ரோரெஸ் சுமார் 20 ஜிபி வரும். இடம் மிச்சம் பிடிக்க, படத்தை அதிகம் அமுக்கும் எச்.264-ஐ மாஸ்டராக்காதீர்கள், டிசிபி-யில் மறுபடி அமுக்கப்படும்போது வானத்திலும் இருட்டுச் சுவரிலும் வரிவரியாகத் தெரியும்.

4. டிசிபி

இலவச மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக் போதும். என்கிரிப்ஷனை (ஃபைலுக்குப் போடும் பூட்டை) அணைத்துவிடுங்கள். உச்ச வரம்பான நொடிக்கு 250 மெகாபிட்டில் போனாலும் 15 நிமிடத்துக்குச் சுமார் 30 ஜிபிதான் வரும்.

ஸ்டீரியோவை மட்டும் கொடுத்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஓர இருக்கைக்காரருக்கு வசனம் சுவரிலிருந்து வருவதுபோல் கேட்கும். 5.1 (ஆறு சேனல்) மிக்ஸ் செய்து வசனத்தை நடுச் சேனலில் வையுங்கள்.

தமிழ் சப்டைட்டிலைத் தனி ஃபைலாகக் கொடுத்தால் சில தியேட்டர் சர்வர்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். டிசிபி-யில் படத்திலேயே பதித்துவிடுங்கள்.

முடிந்ததும் டிசிபி-ஓ-மேட்டிக் பிளேயரில் கடைசி இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். ஒலி நழுவல் இருந்தால் அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஃபோல்டருக்குள் இருக்கும் எந்த ஃபைலின் பெயரையும் மாற்றக் கூடாது. மாற்றினால் தியேட்டர் சர்வர் படத்தை ஏற்காது.

5. யூடியூப்

மாஸ்டரிலிருந்து எச்.264, அதே ஃபிரேம் ரேட், 1080-க்கு நொடிக்கு 20 மெகாபிட். ஸ்கோப் என்றால் 1920×804 ஆகவே ஏற்றுங்கள். பட்டையை பிளேயரே போட்டுக்கொள்ளும். சப்டைட்டிலை எஸ்ஆர்டி (நேரக் குறிப்போடு வரும் எழுத்து ஃபைல்) ஆகத் தனியே சேருங்கள். விழாக்களுக்கு அனுப்பும் காலத்தில் பொதுவில் வெளியிடாதீர்கள்: ஆன்லைனில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. தேர்வுக் குழுவுக்குக் கடவுச்சொல் போட்ட விமியோ இணைப்பு போதும்.