ஏடிஎச்டி மாத்திரை: பக்கவிளைவைப் பார்த்ததும் செய்யக்கூடாதவை

ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைவும் அதீத துறுதுறுப்பும் உள்ள பிள்ளைக்கு, அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலேயே மதியச் சாப்பாடு டப்பாவோடு திரும்பி வரலாம். பதறிப்போய் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும், அடித்து ஊட்டுவதும் இரண்டுமே தவறு. பசி மந்தம் மருந்தின் குணம், பிள்ளையின் அடம் இல்லை. சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பே நெய் தோசை, முட்டை, பால் என்று வயிறு நிறையக் கொடுங்கள். மதியம் ஒரு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் உள்ளே போனால்கூடப் போதும். சாயங்காலம் மருந்தின் வேகம் குறைந்ததும் நல்ல பசி எடுக்கும்; அந்த நேரத்தில் பிஸ்கட்டால் வயிற்றை அடைக்காமல் சாப்பாடே போடுங்கள். படுக்குமுன் இன்னொரு தடவையும் கொடுக்கலாம்.

எடை குறைகிறதா என்பதைக் கண்ணால் அளக்காதீர்கள். 10 வயது வரை 3 மாதத்துக்கு ஒருமுறை எடையும், 6 மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ். டோஸ் மாறும்போதெல்லாம் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

காலையில் மறந்த மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரமும், நீண்ட நேர வகை 8 முதல் 12 மணி நேரம் வரையும் வேலை செய்யும். நீண்ட நேர மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

மருந்தின் வேகம் குறையும் வேளையில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள், காரணமில்லாமல் அழுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை நீட்டாதீர்கள். தினமும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்பார்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. சிரிப்பும் பேச்சும் அடங்கி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘இப்போ சமத்தாயிட்டான்’ என்று வீடும் பள்ளிக்கூடமும் நிம்மதி அடைவது. அது சமத்து இல்லை. டோஸ் அதிகமாகியிருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே மாரடைப்பாலோ திடீரென்றோ இறந்திருந்தால், மருந்து தொடங்குமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலி, விளையாடும்போது மயக்கம், இல்லாததைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்வது, சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.