தூரத்திலிருந்து வருபவருக்கும் தகவல் போகட்டும்

சிங்கப்பூரில் தமிழ்க் கருத்தரங்கு நடக்கிறது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்துக்கு நேரில் வந்தவருக்கு, அறை மாறினால் வாசலில் ஒட்டிய தாளே சொல்லிவிடும். ஜூமில் இணையும் சென்னைக்காரருக்கு யார் சொல்வது? அவரையும் மின்னஞ்சல் குழுவில் சேர்த்தால்தான் உண்டு.

பதிவுப் படிவத்திலேயே "குழுவில் சேர்க்கலாமா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற ஊர் இது. கூகுள் குரூப்ஸ் என்றால், உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். அறிவிப்புக் குழுவில் ஏற்பாட்டாளர் மட்டுமே எழுதட்டும். பேச்சுக்கு வேறு குழு. இதில் கறாராக இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் வரிசையாக வரும் "நன்றி ஐயா", "வாழ்த்துகள்" மடல்களுக்கு அடியில் ஜூம் இணைப்பு எங்கோ போய்விடும்.

அப்புறம் நேரம். வெறுமனே "காலை 9 மணி" என்று எழுதாதீர்கள். இங்கே 9 என்றால் சென்னையில் 6.30, கோடைக்கால லண்டனில் பின்னிரவு 2. இணைபவர்களின் ஊர் நேரத்தையும் சேர்த்தே போடுங்கள்.

ஒரு வாரம் முன்பே சோதனை மடல் அனுப்புங்கள். பதில் வராதவர்களை ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் தட்டினால் போதும்.