டிசம்பர் 16-க்கு வால்வு ரேடியோ தயார் செய்வது

1971 போர்ச் செய்தியை எங்கள் ஏற்காட்டு வீட்டில் ஊரே கூடிக் கேட்ட, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய ரேடியோப் பெட்டி இது. அந்தப் போரின் வெற்றி தினமான டிசம்பர் 16 அன்று இன்றும் பாட வைக்கிறேன்.

பரணில் கிடந்ததை நேராக பிளக்கில் சொருகாதீர்கள், உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் பழைய கெப்பாசிட்டர் வெடிக்கலாம். சேலத்தில் வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.

அப்புறம் ஏரியல், அதாவது ரேடியோ அலையைப் பிடிக்கும் கம்பி. பத்து மீட்டர் செம்புக் கம்பியை இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, கரண்ட் லைனை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். கம்பி மரத்தில் படாமல் இரு முனையிலும் நைலான் கயிறு வேண்டும். இடி மழை வந்தால் கழற்றிவிடுங்கள்.

எல்இடி பல்பு, மொபைல் சார்ஜரை அணைத்தால்தான் இரைச்சல் அடங்கும். வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுங்கள். மீடியம் வேவ் அலைவரிசை இருட்டிய பிறகுதான் வெகுதூரம் எட்டும். போர் தொடங்கிய டிசம்பர் 3 இரவு இந்திரா காந்தி வானொலியில் பேசியதும் நள்ளிரவு தாண்டித்தான்.