டெபியன் நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டுமா, வேண்டாமா?

லினக்ஸ் இயங்குதளமான டெபியனை நிறுவும்போது, கடைசிக் கட்டங்களில் எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று கேட்கும் திரை வரும். டெபியன் 12-இல் டெஸ்க்டாப் (சுட்டியால் இயக்கும் வரைகலைத் திரை), அதன் ஒரு வகையான க்னோம், வழக்கமான கணினிக் கருவிகள் ஆகியவை முன்னதாகவே குறியிடப்பட்டிருக்கும். படிக்காமல் என்டரைத் தட்டினால் முழு டெஸ்க்டாப்பும் வந்து இறங்கிவிடும். ஸ்பேஸ் விசையால் முதல் இரண்டு குறிகளையும் நீக்கினால், கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்டு நிற்கும் அடிப்படை நிறுவல் கிடைக்கும்.

கணினி பழையதா புதியதா என்பதைவிட, அதன் முன்னால் யாரேனும் உட்காரப்போகிறார்களா என்பதை வைத்தே முடிவெடுப்பது நல்லது. கோப்புகளைப் பகிர்வதற்காக ஒரு மூலையில் இரவுபகலாக ஓடப்போகும் கணினிக்கு டெஸ்க்டாப் வீண்சுமை; வேறொரு கணினியிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகத்தை மட்டும் குறியிட்டால் போதும். பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) குறைவதால் புதுப்பிக்க வேண்டியவையும், பாதுகாப்பு ஓட்டை விழக்கூடிய இடங்களும் குறையும். டெபியன் 12-இன் கையேடு டெஸ்க்டாப் இல்லாத நிறுவலுக்கு 512 எம்பி நினைவகத்தையும், டெஸ்க்டாப்புக்கு 2 ஜிபியையும் பரிந்துரைக்கிறது. பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைப்பவருக்கு அந்த 2 ஜிபி போதாது என்பேன்.

தமிழில் படிக்கவும் எழுதவும் வேண்டியவர் டெஸ்க்டாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸின் வெறும் உரைத்திரை தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டாது. நினைவகம் குறைவென்றால் க்னோமுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் பொருந்தும்.

அடிப்படை நிறுவலில் இரண்டு இடங்களில் பலரும் தடுமாறுவார்கள். நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கொடுத்திருந்தால், சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோ நிறுவப்படாது. அந்தக் கேள்வியை வெற்றாக விட்டால்தான் உங்கள் கணக்குக்கே அந்த அதிகாரம் வரும். அடுத்தது வைஃபை: கேபிள் இணைப்பு இருக்கும்போதே இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரை நிறுவிக்கொண்டால், இணையம் இல்லாததால் பொதியும் இல்லை, பொதி இல்லாததால் இணையமும் இல்லை என்ற சிக்கலில் மாட்டவேண்டியதில்லை.

பின்னர் மனம் மாறினால், டாஸ்க்செல் கட்டளையை ரூட்டாக இயக்கி அதே பட்டியலை மீண்டும் வரவழைக்கலாம். மாறாக, நிறுவிய டெஸ்க்டாப்பை முழுவதுமாக அகற்றுவது எளிதன்று. சார்புப் பொதிகள் அங்கங்கே தங்கிவிடும். அப்படிப்பட்ட கணினியில் எதையும் அழிக்காமல், கணினியின் சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியின் இயல்பு இலக்கை (கணினி எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்ற அமைப்பை) மட்டும் உரைநிலைக்கு மாற்றி மறுதொடக்கம் செய்யலாம். வட்டில் இடம் மிச்சமாகாது என்றாலும், டெஸ்க்டாப் பிடித்திருந்த நினைவகம் விடுபடும்.