ஓவியத்தைத் துணியாக்கும் முறை

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிட்ட) துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே தங்கள் ஓவிய வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்று டிஜிட்டல் அச்சு வந்துவிட்டதால், சில மீட்டர் துணிகூட அச்சிட்டுப் பெற முடிகிறது. ஆனால் ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சகத்தில் கொடுத்துவிட்டால் அது துணியாகிவிடாது. சட்டத்துக்குள் முடிந்துவிடும் படத்தை, முடிவில்லாமல் ஓடும் துணிக்காக மறுபடியும் வரைய வேண்டும்.

இப்படி மறுபடி வரைந்து, திரும்பத் திரும்ப அடுக்கக்கூடியதாக ஆக்கிய படத்தைத்தான் துணித் தொழிலில் ரிப்பீட் என்கிறார்கள். கணினியில் செய்வதற்கு முன் ஒருமுறை கையால் செய்து பார்ப்பது கண்ணைப் பழக்கும். ஒரு தாளின் நடுவில் மட்டும் பூவும் கொடியும் வரைந்து, ஓரங்களை வெறுமையாக விடுங்கள். தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்புறம் ஒட்டுங்கள். பிறகு குறுக்காக வெட்டி, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் அதேபோல் மாற்றி ஒட்டுங்கள். முன்பு ஓரத்தில் இருந்த வெற்றிடம் இப்போது நடுவுக்கு வந்திருக்கும். அதை இலைகளாலும் கொடிகளாலும் நிரப்பினால், அந்தத் தாளை எத்தனை முறை அடுக்கினாலும் இணைப்பு தெரியாது. பக்கத்து நெடுவரிசை பாதி உயரம் கீழே இறங்கியபடி இணையுமாறு முதலிலேயே திட்டமிட்டு வரைந்தால், பூக்கள் சிப்பாய்களைப் போல வரிசைகட்டி நிற்காமல் இயல்பாகப் பரவும்.

என் முதல் திரைச்சீலை இந்த இடத்தில்தான் கெட்டது. மாங்கொத்து ஒன்றின் நீர்வண்ணப் பின்னணி, ஒரு பக்கம் சற்றே கூடுதலாக அடர்ந்திருந்தது. தாளில் கண்ணுக்கே படாத அந்த வேறுபாடு, சன்னலில் தொங்கியபோது முழத்துக்கு ஒரு சாம்பல் பட்டையாக எழுந்து நின்றது. இப்போதெல்லாம் ரிப்பீட்டை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி அச்செடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

ஸ்கேன் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) இருக்கட்டும், 20 செ.மீ. அகல ஓவியம் துணியில் 40 செ.மீ. ஆகப் பெரிதானாலும் 300 டிபிஐ மிஞ்சும்.

எந்தத் துணி, எந்த மை என்பதில் ஓவியர்கள் காட்டும் அக்கறை போதாது என்பது என் கருத்து. பருத்தியில் ரியாக்டிவ் மை இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்வதால் துணியின் மென்மை குறைவதில்லை. ஆனால் அச்சான துணியை ஏறத்தாழ 102 டிகிரி ஆவியில் வைத்து, பிடிக்காத சாயம் போக நன்கு அலசியாக வேண்டும். பிக்மென்ட் மை உலர் வெப்பத்திலேயே பிடித்துக்கொள்ளும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆயினும் தொட்டால் சற்று விறைப்பாக இருக்கும், அடிக்கடி உராயும் இடத்தில் வெளுக்கும். ஆகவே மெத்தை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் ரியாக்டிவ், திரைச்சீலைக்குப் பிக்மென்ட் என்பதே என் தேர்வு. வெப்பத்தில் மை ஆவியாகி இழைக்குள் ஏறும் சப்ளிமேஷன் முறை, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக்கே பொருந்தும், பருத்திக்குப் பொருந்தாது.

முழு அளவு அச்சுக்கு முன் ஒரு மீட்டர் மாதிரி வாங்குவதைத் தவிர்க்கவே கூடாது. அதைத் துவைத்து, காயவைத்து, தேய்த்து, பகல் வெளிச்சத்தில் மூல ஓவியத்தின் அருகே வைத்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். துவைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். 5 விழுக்காடு சுருங்கும் பருத்தியில் 40 செ.மீ. குஷன் உறை 38 செ.மீ. ஆகிவிடும், உள்ளே பஞ்சு மெத்தை நுழையாது. தையலுக்குக் கரூர் போன்ற வீட்டுத்துணி ஊர்களில் கொடுக்கும்போது, முக்கியமான பூ தையல் கோட்டில் வெட்டுப்படாதபடி வெட்டும் இடத்தைத் துணியிலேயே குறித்துக் கொடுங்கள்.

விற்பனைக்கு முன் உரிமையைக் கவனியுங்கள். டிசைன் சட்டத்தின்கீழ் பதியத்தக்க வடிவம் ஒன்றைப் பதியாமலேயே, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழிற்சாலை உற்பத்தி முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பதால், குஷன் உறையின் முதல் படத்தை இணையத்தில் போடுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.