யூஸ் கேஸ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலையை முடிக்கப் பயனர் என்ன செய்கிறார், மென்பொருள் என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாக எழுதுவதே யூஸ் கேஸ். மென்பொருளுக்கான தேவைகளைக் கேட்டறிந்து எழுதும் பிசினஸ் அனலிஸ்டுகளில் புதிதாகச் சேர்பவர்கள் எழுதித் தரும் யூஸ் கேஸ்களைச் சரிபார்ப்பது என் பணி. வடிவப் பிழைகளை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள். நான் முன்பு செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் காணும்போதுதான் மனம் பொறுப்பதில்லை.

எல்லாம் நல்லபடியாகவே நடக்கும் என எழுதுவது

எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்த அனுபவத்திலிருந்து இவார் யாக்கப்சன் உருவாக்கி, 1987-இல் முன்வைத்த முறைதான் யூஸ் கேஸ். எதிர்முனையில் வேறு பேச்சு நடந்துகொண்டிருக்கும், மணி அடித்தும் யாரும் எடுக்கமாட்டார்கள், அழைத்தவரே பாதி எண்ணோடு வைத்துவிடுவார். இவற்றுக்கெல்லாம் விடை வைத்திருந்தால்தான் இணைப்பகம் இயங்கும்.

இதை உணராமல், ஒரு மருந்துக் கடைக்கு நான் எழுதிய ‘மருந்து விற்றல்’ ஐந்தே படிகளில் முடிந்தது: சீட்டைக் கொடுக்கிறார், மருந்தை எடுக்கிறார், பில் போடுகிறார், பணம் பெறுகிறார், இருப்பு குறைகிறது. எல்லோரும் ஒப்புதல் அளித்தனர். மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த முதல் நாளே, பத்து மாத்திரை கொண்ட அட்டையில் நான்கு மட்டும் போதும் என்றார் ஒரு முதியவர். கடைப் பெண் வழக்கம்போல் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டினார். ஆனால் எங்கள் இருப்புக் கணக்கில் அட்டைக்குக் குறைந்த அளவே கிடையாது. டேட்டாபேஸ், விலைக் கணக்கு, திரும்பப் பெறுதல், அறிக்கைகள் என அனைத்தையும் மாற்ற ஆறு வாரங்கள் பிடித்தன. மூன்றாம் படிக்கு மாற்றாக, ‘3அ. முழு அட்டை வேண்டாம் என்றால், எண்ணிக்கையைக் கேட்டு உதிரியாக விற்கிறார்’ என்ற ஒரு வரி தொடக்கத்திலேயே இருந்திருந்தால் அந்த ஆறு வாரங்களும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு படியிலும் நின்று, ‘இது இப்படி நடக்காவிட்டால்?’ என்று கேளுங்கள். சீட்டில் உள்ள மருந்து கையிருப்பில் இல்லையெனில் என்ன, காலாவதி நாள் கடந்திருந்தால் என்ன, பில் போட்டபின் மின்சாரம் போனால் என்ன என்று கேட்டு, கிடைக்கும் விடைகளை மாற்று வழிகளாக எழுதுங்கள். இப்பகுதி முதன்மை வழியைவிட நீளமாக அமைவது இயல்புதான்.

திரையை வருணிப்பது

‘பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்’ என்பது வேண்டாம். ‘பில்லை உறுதிசெய்கிறார்’ போதும்.

படத்தோடு நிறுத்திக்கொள்வது

யூஸ் கேஸ் படத்தில் பயனரைக் குறிக்கும் குச்சி மனிதரும் யூஸ் கேஸைக் குறிக்கும் நீள்வட்டமும் வெறும் பொருளடக்கம்.

உரிமையாளரிடம் மட்டும் கேட்பது

அட்டையை வெட்டுவது கல்லாவில் நிற்பவர்தான். இப்போதெல்லாம் நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே, “அப்படி இல்லைங்க சார்” என்று நிறுத்திவிடுகிறார்.