திருகோணமலைக்குப் போனால் இரண்டு இரவாவது தங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளை முடித்துக்கொண்டு, திருகோணமலைக்கு அரை நாள் ஒதுக்குகிறவர்களே அதிகம். உச்சி வெயிலில் கோணேசர் கோயிலுக்கு ஓடி, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்? இரண்டு இரவு தங்குங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது நல்ல வசதி. மார்கழியில் வந்தால் மழைக்காலம். கோயில் பார்க்கலாம், புறாமலைத் தீவுக்குப் படகு ஓடுமா என்பது கடலைப் பொறுத்தது. கொழும்பிலிருந்து வருவதென்றால் இரவு ரயிலில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் காலைப் பூசைக்கே போங்கள். ஆண்கள் வேட்டி கொண்டுபோவது நல்லது. வாகனத்தில் நேரே மேலே போய்விடாமல் வழியில் உள்ள கோட்டை வாசலில் இறங்கி நடந்தால், பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நேரம் கிடைக்கும். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிரெட்ரிக் கோட்டை என்பது பின்னால் ஆங்கிலேயர் வைத்த பெயர். 1956இல் கடலடிப் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இன்றைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. இதெல்லாம் தெரிந்து மேலே ஏறும் பிள்ளை அந்தக் கடலைப் பார்க்கிற பார்வையே வேறு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். மான்கள் கிட்ட வரும். பொலித்தீன் பையோடு எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், பலர் தவறவிடும் தம்பலகாமம் என்ற ஊர். இடிபாட்டிலிருந்து காப்பாற்றிய திருவுருவங்களை மறைத்துக் கொண்டுபோய்ப் பின்னர் ஆதிகோணநாயகர் கோயிலில் வைத்து வழிபட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வயல்வெளி நடுவே அமைதியான கோயில். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இங்கே வராமல் போவது பாதிக் கதையோடு எழுந்து போவது போல. ஓட்டோவில் போகலாம், போய்வரக் கூலி எவ்வளவு என்று ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு விடியற்காலையில் போனால் கூட்டம் குறைவு. ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்பது ஐதிகம். வெளிநாட்டில் இருந்தபோது தாய் தகப்பனை இழந்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று போவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகில் போகலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கூட. பவளப்பாறைமேல் கால் வைக்க வேண்டாமென்று, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.